"பார்த்து வரைஞ்சா திருட்டா அக்கா?" – ஓவியம் படிக்கிற தங்கச்சிக்கு ஒரு வக்கீலோட பதில்

இந்த வாரம் வந்த கடிதங்கள்ல ஒண்ணு நாலு பக்கம், கூடவே ஆறு படம் அனுப்பியிருந்தாங்க. எழுதினது மலேசியாவுல பினாங்கு பட்டர்வொர்த் பக்கம் ஃப்ளாட்ல இருக்கிற 21 வயசுப் பொண்ணு, ஜார்ஜ்டவுன்ல ஒரு தனியார் காலேஜ்ல இல்லஸ்ட்ரேஷன் டிப்ளோமா கடைசி வருஷம். பேரு, காலேஜ், கடை எதையும் நான் சொல்லல, ஆள் தெரியக்கூடாதுன்னு சில விவரத்த மாத்தியும் இருக்கேன்.

கடிதத்தோட சுருக்கம் இதுதான். சின்ன வயசுல இருந்து வீட்டு சாமி மேடையில இருந்த லட்சுமி படத்த பார்த்து பார்த்து வரைவாங்களாம். தமிழ்ப்பள்ளியில படிக்கும்போது மலேசியக் கார்ட்டூனிஸ்ட் லாட்டோட படங்கள், அப்புறம் ஜப்பான் காமிக்ஸ், பதினேழு வயசுல ஃபோன்ல ஓவியர் இளையராஜாவோட படங்கள் கண்ணுல பட்டிருக்கு (இசைஞானி இல்ல, கும்பகோணம் பக்கத்து கிராமத்துல பிறந்து 2021ல கொரோனாவுல இறந்துபோன ஓவியர்). கதவோரம் நிக்கிற கருத்த பொண்ணு, மேல விழுற வெளிச்சம், பாவாடை தாவணி. "நம்ம நிறத்த இவ்ளோ அழகா யாரும் வரைஞ்சு நான் பார்த்ததே இல்ல அக்கா, அன்னைக்குதான் ஓவியம்தான் படிக்கணும்னு முடிவு பண்ணேன்"னு எழுதியிருக்காங்க. நாலு மாசத்துக்கு முன்னாடி க்ளாஸ்ல எல்லாரும் படத்த காட்டி பேசுற நாள்ல, லெக்சரர் இவங்க படத்தையும் இளையராஜாவோட ஒரு படத்தையும் ப்ரொஜெக்டர்ல பக்கத்துல பக்கத்துல போட்டுட்டு ஒண்ணுமே சொல்லாம நின்னாராம். ஒரு ஃப்ரெண்டு மெதுவா "காப்பி"ன்னு சொன்னது இன்னமும் காதுல கேக்குதாம். அதுக்கப்புறம் யாரோட படத்தையும் பாக்கக்கூடாதுன்னு இன்ஸ்டால எல்லா ஓவியரையும் அன்ஃபாலோ பண்ணி, பின்டரஸ்ட்ட அழிச்சுட்டு, மூணு மாசமா ஒரு கோடு கூட போட முடியல.

இதுக்கு நடுவுல இன்னொரு விஷயம். ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர் லிட்டில் இந்தியாவுல இருக்கிற தன்னோட சாப்பாட்டுக் கடைக்கு காவடிப் படம் ஒண்ணு கேட்டு, இவங்க மூணு வார லீவு நாள்ல சுவத்துல வரைஞ்சு குடுத்து 400 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியிருக்காங்க. இந்த தைப்பூசத்துல பார்த்தா அதே படம் கடையோட பேப்பர் பை, காலண்டர், டீ ஷர்ட் எல்லாத்துலயும், கீழ இருந்த இவங்க சைன் மட்டும் வெட்டப்பட்டிருக்கு. அப்பாகிட்ட சொன்னதுக்கு "நீயே காப்பி அடிக்கிறேன்னு காலேஜ்ல சொல்றாங்க, நீ அடுத்தவங்கள கேக்கப் போறியா, பேசாம அக்கவுண்டிங்கு மாறு"ன்னு சொல்லிட்டாராம்.

மூணு கேள்வி கேட்டிருக்காங்க: நான் செஞ்சது திருட்டா, கடைக்காரர் மேல கேஸ் போடலாமா, எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்படி வரும்.

தங்கச்சி, அக்கான்னு எழுதியிருக்கே, அதனால நீன்னே பேசறேன். நான் ஓவியர் இல்ல, வக்கீல். படம் வரையறவங்க, ஃபோட்டோ எடுக்கறவங்க, பாட்டு எழுதறவங்கன்னு இந்த மாதிரி ஆளுங்களோட காப்பிரைட் பிரச்சனைய பல வருஷமா பார்த்துட்டு வரேன். உன் மூணாவது கேள்வி என் வேலை இல்லன்னு ஒதுக்கியிருக்கலாம், ஆனா ஆறு படத்தையும் மேசை மேல பரப்பி வெச்சு ரொம்ப நேரம் பார்த்தேன், மூணு கேள்விக்கும் பதில் ஒரே இடத்துலதான் இருக்குன்னு எனக்கு தோணுது, அதனால எல்லாத்தையும் சேர்த்தே சொல்றேன்.

முதல்ல, நீ திருடி இல்ல. ஆனா ஒரு படம் இருக்கு

ஸ்டைலுக்கு காப்பிரைட் கிடையாது. மலேசியாவோட 1987ம் வருஷ காப்பிரைட் சட்டம் தெளிவா சொல்லுது, ஐடியாவுக்கோ ஒரு செய்முறைக்கோ பாதுகாப்பு இல்ல, அத ஒருத்தர் தாள்லயோ சுவத்துலயோ கொண்டு வந்த அந்த குறிப்பிட்ட வடிவத்துக்குத்தான் பாதுகாப்பு. கருத்த பொண்ணு கதவோரம் நிக்கறா, சைடுல இருந்து வெளிச்சம் விழுது, இது யாரோட சொத்தும் இல்ல. இளையராஜா வரையறதுக்கு முன்னாடியும் வீட்டு வாசல்ல பொண்ணுங்க நின்னாங்க, ஐரோப்பாவுல நூத்துக்கணக்கான வருஷமா ஜன்னல் வெளிச்சத்துல பொம்பளைங்கள வரைஞ்சிட்டுதான் இருக்காங்க.

நீ அனுப்பினதுல அஞ்சு படம் அவரோட பாதிப்புல வந்தது. அதுல நாலு படத்த பத்தி எனக்கு கவலையே இல்ல, பாதிப்பு தெரியுது, அவ்வளவுதான். ஆனா ரெண்டாவது படம், அந்த பச்சைத் தாவணி, அது வேற. கடிதத்துல நீயே சொல்லிட்ட, ஒரு படத்த டேப்லட்ல கீழ வெச்சு அதுமேல கோடு போட்டு, தாவணி கலர மாத்தி, கையில இருந்த பொருள எடுத்துட்டு விளக்கு வெச்சேன்னு. "30 சதவீதம் மாத்தினா நம்மளோடதாயிடும்னு சீனியர் சொன்னாங்க"ன்னு எழுதியிருக்கே. அப்படி ஒரு கணக்கு சட்டத்துல எங்கயுமே இல்லம்மா. 30ம் இல்ல 70ம் இல்ல. அந்த படத்தோட முக்கியமான பகுதிய எடுத்தியா இல்லையா, அதான் கேள்வி. நிக்கிற வாகு, தலை சாஞ்ச கோணம், வெளிச்சம் விழுற கோடு எல்லாம் அங்க இருந்து அப்படியே வந்திருக்கு, கலர் மாத்தினது கணக்குலயே வராது. அதே மாதிரி "கீழ க்ரெடிட் போட்டுட்டேன்"ங்கறதும் விக்கறதுக்கு அனுமதி ஆகாது. நெட்ல கிடைச்ச ஃபோட்டோ மேல ட்ரேஸ் பண்றதும் அப்படித்தான், ஃபோட்டோவும் சட்டப்படி கலைப்படைப்புதான், காவடி தூக்கறவர நேர்ல பார்த்து வரையறதும் யாரோ எடுத்த ஃபோட்டோவ அப்படியே கோடு போடறதும் ஒண்ணு இல்ல.

படிப்புக்காக காப்பி பண்ணி பழகறது வேற விஷயம். 13வது பிரிவு தனிப்பட்ட படிப்பு, ஆராய்ச்சி மாதிரி காரியத்துக்கு நியாயமான அளவுல எடுத்துக்க இடம் குடுக்குது. நீ அந்த பச்சைத் தாவணிய உன் நோட்ல வெச்சிருந்தா யாருக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. பிரச்சனை, ஒரு வாரக் கடைசி பசார்ல அத 25 வெள்ளின்னு 12 பிரிண்ட் வித்திருக்கே. 300 வெள்ளி. ஓவியர் போய்ட்டாரே இனி யாரு கேக்கப் போறான்னு நினைக்காத, இங்க காப்பிரைட் வரைஞ்சவரோட ஆயுசு முழுக்க, அதுக்கப்புறம் 50 வருஷம். 2021ல இறந்தவரோட படம் 2071 முடியற வரைக்கும் பாதுகாப்புலதான் இருக்கு, அந்த உரிமை அவரோட வாரிசுகளுக்கு போகும். ராஜா ரவி வர்மா 1906ல காலமானவர், உன் வீட்டு லட்சுமி அவரோட பழைய அச்சுப் படமா இருந்தா எடுத்து தாராளமா விளையாடலாம்.

பயமுறுத்த சொல்லல, ஆனா தெரிஞ்சுக்கணும்: அனுமதி இல்லாத காப்பிய விக்கறதுக்கு சட்டத்துல ஒவ்வொரு காப்பிக்கும் 2,000 வெள்ளியில இருந்து 20,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ஜெயில் கூட எழுதியிருக்கு. அது மொத்தமா திருட்டு சிடி விக்கறவங்க மாதிரி ஆளுங்கள மனசுல வெச்சு போட்டது, 12 பிரிண்ட் வித்த மாணவிய தேடி நாளைக்கே யாரும் வரப் போறதில்ல. நீ செய்ய வேண்டியது சின்னது. மிச்சம் இருக்கிற பிரிண்ட்ட விக்காத, ஆன்லைன்ல போட்டத எடுத்துடு, போர்ட்ஃபோலியோவுல வெக்கணும்னா "பயிற்சி, ஓவியர் இளையராஜாவைப் பார்த்து"ன்னு பெருசா எழுதி வை. லெக்சரர்கிட்டயும் நீயே போய் சொல்லிடு. அவர் அன்னைக்கு ஒண்ணும் பேசாம நின்னது எனக்கு பிடிக்கல, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கு இந்த மூணு மாசம் போயிருக்காது. ஆனாலும் நீ போய் "இது மட்டும் ட்ரேஸ், மத்த நாலும் நான் கைப்பட வரைஞ்சது"ன்னு சொன்னா அந்த பேச்சு அங்கயே முடிஞ்சிரும்.

கடைச் சுவர்

இதுதான் உனக்கு கஷ்டமா இருக்கப் போற பகுதி, ஏன்னா நீ "நான் வரைஞ்சது, அதனால காப்பிரைட் என்னோடது"ன்னு உறுதியா எழுதியிருக்கே. பல நாட்டுல அப்படித்தான். நம்ம நாட்டுல அப்படி இல்ல. 26வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒருத்தர் ஆர்டர் குடுத்து செய்யச் சொன்ன படைப்புக்கு காப்பிரைட் ஆர்டர் குடுத்தவருக்கு மாறினதா எடுத்துக்கணும், ரெண்டு பேரும் வேற மாதிரி பேசி ஒப்பந்தம் வெச்சிருந்தா ஒழிய. படம் வரையற பிள்ளைங்க முக்காவாசி பேருக்கு இது தெரியவே தெரியாது, என்கிட்ட வர்றவங்க இத கேட்டதும் ஒரு நிமிஷம் பேச்சே வராம உக்காந்திருவாங்க. வெளிநாட்டு வீடியோவ பார்த்து "ஆர்ட்டிஸ்ட்தான் ஓனர்"னு நம்பிட்டு இருப்பாங்க, இங்க வந்து பார்த்தா தலைகீழா இருக்கும்.

அதனால பை, காலண்டர், டீ ஷர்ட்ல போட்டது தப்புன்னு நேரா கேஸ் போட்டா நீ ஜெயிப்பேன்னு என்னால சொல்ல முடியாது. ஒரு சின்ன கதவு தொறந்திருக்கு. நீ அனுப்பின வாட்சப் மெசேஜ்ல அந்த அங்கிள் "கடை சுவத்துக்கு ஒரு காவடிப் படம் போட்டுத் தாம்மா"ன்னு எழுதியிருக்காரு. சுவத்துக்குன்னுதானே பேச்சு, அது இந்த வேலைக்கு ஒரு வரம்பு போட்ட மாதிரின்னு வாதாடலாம். நம்ம நாட்டுல மெசேஜ்ல பேசினதும் ஒப்பந்தமா நிக்கும், தாள்லதான் இருக்கணும்னு இல்ல. ஆனா அந்த ஒரு வரிய மட்டும் நம்பி கோர்ட்டுக்கு போக சொல்ல மாட்டேன், 400 வெள்ளி வேலைக்கு அதவிட பல மடங்கு செலவாகும்.

சைன வெட்டினது பாரு, அது வேற கதை. காப்பிரைட் கை மாறிப் போனாலும் வரைஞ்சவங்ககிட்ட ஒரு உரிமை தங்கிடும், 25வது பிரிவு. வரைஞ்சவங்க பேர் சொல்லாம அந்த படைப்ப வெளிய காட்டக்கூடாது, வரைஞ்சவங்க மரியாதை கெடற மாதிரி சிதைக்கக்கூடாது. நீ ஒத்துக்காம உன் பேர வெட்டிட்டு ஆயிரம் பையில அச்சடிச்சா, உன் கை அங்கதான் பலமா இருக்கு. நீயும் கடிதத்துல காச பத்தி ஒரு வரிதான் எழுதியிருக்கே, பேர பத்தி ஒன்றரை பக்கம். "தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து போகும்போது முன்னாடி போன ஒரு அம்மா கையில என் படம், நான் வரைஞ்சதுன்னு அவங்ககிட்ட சொல்லவும் முடியல"ன்னு எழுதினியே, அந்த வரிய நான் மறுபடி மறுபடி படிச்சேன். உனக்கு வேணும்னு மனசு கேக்கறது உன் பேரு. சட்டமும் உனக்கு அதத்தான் குடுக்குது.

மூணு வழி இருக்கு. டிக்டாக்ல போட்டு கிழிக்கிறது, அத செய்யாத, பெருமளவுக்கு அவர்தான் இப்ப காப்பிரைட் வெச்சிருக்கார், நீ "திருடன்"னு சொன்னா அவதூறுன்னு உன் மேலயே திரும்பும். லாயர் லெட்டர் அனுப்பலாம், அது கடைசி வழி, ஏன்னா உன் அப்பாவும் அவரும் ஒரே கோயில் கமிட்டின்னு எழுதியிருக்கே. முதல் வழி நேர்ல போய் பேசறதுதான். கடையில கூட்டம் இல்லாத நேரமா பார்த்து, மூணு நாலு மணி போல, முடிஞ்சா அப்பாவ கூட்டிட்டு போ. "அங்கிள், படம் நிறைய பேருக்கு பிடிச்சிருக்குன்னு சந்தோஷம், அடுத்த தடவ பை அடிக்கும்போது என் பேர கீழ சேர்த்துடுங்க, டீ ஷர்ட் விக்கறதுக்கு ஒரு தொகை பேசிக்கலாமா"ன்னு கேளு. இந்த வரிசையில கேளு, பேரு முதல்ல, காசு கடைசியில. அவருக்கு இது தப்புன்னே தெரியாம இருந்திருக்கலாம், அச்சு அடிக்கிற கடையில டிசைன் பண்ணவங்க ஓரத்த வெட்டியிருக்கலாம். பேசி முடிச்சு வந்ததும் "இன்னைக்கு பேசினபடி"ன்னு ஆரம்பிச்சு வாட்சப்ல அவருக்கு ஒரு மெசேஜ் போட்டுடு. அவர் ஒரு "ஓகே" போட்டாலும் போதும்.

இனிமே யாரு ஆர்டர் குடுத்தாலும்

தூரிகைய எடுக்கறதுக்கு முன்னாடி நாலு வரி மெசேஜ். சொந்தக்காரங்களா இருந்தாலும் சரி, கோயில் கமிட்டியா இருந்தாலும் சரி. இத அப்படியே எடுத்துக்கோ: "இந்தப் படம் கடைச் சுவத்துக்கு மட்டும். வேற எதுலயாவது போடணும்னா தனியா பேசிக்கலாம். காப்பிரைட் வரைஞ்ச என்கிட்டயே இருக்கும். படம் எங்க வந்தாலும் என் பேர் இருக்கணும். சரின்னா சரின்னு பதில் போடுங்க." பாதிப் பணம் முன்னாடி வாங்கு. வேலைய முடிச்சு குடுத்தும் காசு தரலன்னா 5,000 வெள்ளி வரைக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்ல சிறு வழக்கா நீயே போடலாம், வக்கீலே தேவையில்ல.

காலேஜ் அசைன்மென்ட் படங்கள் யாருக்கு சொந்தம்னும் ஓரமா கேட்டிருந்தே. நீ அங்க வேலை பாக்கல, படிக்கிற, அதனால அசைன்மென்ட் படங்கள் உன்னோடதுதான். ஆனா சேரும்போது சைன் பண்ண ஃபார்ம்ல வேற ஏதாவது எழுதியிருக்கான்னு ஒரு தடவ எடுத்து படிச்சிரு. காப்பிரைட்டுக்கு பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்ல, வரைஞ்ச நிமிஷத்துலயே வந்துடும். ஃபைனல் ப்ராஜெக்ட் மாதிரி முக்கியமானதுன்னா மைஐபிஓவுல (மலேசியாவோட அறிவுசார் சொத்து அலுவலகம்) தானா முன்வந்து பதிஞ்சு வெக்கலாம், நாளைக்கு தகராறு வந்தா அது கையில ஒரு ஆதாரம். தேதிக்கு ஆதாரம்னு தனக்குத்தானே ரிஜிஸ்டர் போஸ்ட் அனுப்பி வெச்சுக்கற வேலையெல்லாம் வேண்டாம்.

ஸ்டைல் எப்படி வரும்

இப்ப உன் மூணாவது கேள்வி. என்கிட்ட ஒரு கேஸ் வந்தா ஆள உக்கார வெச்சு நான் முதல்ல கேக்கறது ஒண்ணுதான்: இத வரையும்போது உன் கண் முன்னாடி என்ன இருந்துச்சு? எல்லாத்தையும் சொல்லு, ஃபோட்டோவா, வேற ஒருத்தர் படமா, ஆளா, ஞாபகமா. இத ஒழுங்கா சொல்லத் தெரிஞ்சவங்க பயப்படவே மாட்டாங்க. சொல்லத் தெரியாதவங்க, நிஜமாவே தப்பு பண்ணலன்னாலும் திருடுன மாதிரி முழிப்பாங்க. நீ இப்ப அந்த ரெண்டாவது ஆளா ஆயிட்ட, ஏன்னா நீ எதை எங்க இருந்து எடுத்தேன்னு எழுதி வெக்கல, அதனால உனக்கே எது உன்னோடது எது அவரோடதுன்னு கலங்கிப் போச்சு.

எதையும் பாக்காம இருந்தா சுத்தமா என்னோடது வரும்னு நினைச்சு எல்லாத்தையும் அழிச்சே. வரல. யாருக்கும் வராது. ரவி வர்மா திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த வெள்ளைக்கார ஓவியர் வேலை செய்யறத பார்த்து எண்ணெய்ச் சாயம் கத்துக்கிட்டவர், அந்த ஐரோப்பிய முறையிலதான் நம்ம லட்சுமியையும் சரஸ்வதியையும் வரைஞ்சார், 1894ல அச்சகம் வெச்சு வீட்டுக்கு வீடு கொண்டு போனார், இன்னைக்கு நம்ம சாமி மேடையில சாமிக்கு இருக்கிற முகமே அந்த வழியில வந்ததுதான். நம்ம ஊர்லயே சையத் தாஜுதீன் இருக்கார், தமிழ்நாட்டுல பிறந்து பினாங்குல வளர்ந்து மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில படிச்சவர். அஜந்தா குகை ஓவியத்தோட சாயல் அவர் வரையற பொண்ணுங்க கண்ணுலயும் உடம்பு வளைவுலயும் அப்படியே தெரியும், மறைக்கவே மாட்டார், ஆனா அந்த கண்ணு பாக்கறது மலாய்க் கதைகள, இந்த மண்ணோட கலர. அத பார்த்து யாரும் அஜந்தா காப்பின்னு சொல்லல. லாட்ட எடுத்துக்கோ, உலகம் பூரா கார்ட்டூன் பார்த்திருப்பார், அவர் வரைஞ்சது பேராக் மாநிலத்து கம்பத்து (கிராமத்து) வீடும் அதோட ஏணிப்படியும்.

அன்ஃபாலோ பண்ணவங்களையெல்லாம் திரும்ப ஃபாலோ பண்ணு. ஆனா ஒரு நோட்டு வாங்கு, தடிமனா, சொரஸ்தா மார்க்கெட் பக்கத்துல கிடைக்கிற சாதாரண கணக்கு நோட்டே போதும். ஒவ்வொரு படத்துக்கும் இடது பக்கத்துல தேதி போட்டு எழுது: யாரப் பார்த்தேன், எதை எடுத்தேன், எதை விட்டேன். "வெளிச்சம் இளையராஜா, கோடு லாட், பூ மாலை கலர் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் வாசல்ல வெள்ளிக்கிழமை பார்த்தது, முகம் எங்க சின்னம்மா." இப்படி. அந்த எதை விட்டேன்ங்கறத சோம்பேறித்தனம் படாம எழுது, அங்கதான் நீ முடிவெடுக்கற. பென்சில் கோட்ட கிழிச்சு போடாத, டேப்லட் ஃபைல லேயரோட வெச்சுக்கோ. நாளைக்கு யாராவது காப்பின்னு சொன்னா என்னை மாதிரி ஒரு வக்கீல் முதல்ல கேக்கப்போறது இந்த நோட்டத்தான். உன் லெக்சரரும் கேக்கணும்னு நான் ஆசைப்படறேன். அப்புறம், ஒரே ஒருத்தர பார்த்து அஞ்சு படம் வரையாத. ஒரு பக்கத்துல ஒரே பேரு திரும்பத் திரும்ப வந்தா நோட்டே உனக்கு காட்டிக் குடுத்துரும்.

இப்ப ஆறாவது படம். "இத கணக்குல எடுத்துக்காதீங்க அக்கா, கவர்ல சேர்ந்து வந்துடுச்சு, சும்மா கிறுக்கினது"ன்னு எழுதியிருக்கே.

முதல் அஞ்சு படத்துலயும் ஓட்டு வீடு, மரத்தூண், திண்ணை, ஓட்டு இடுக்குல இருந்து வெயில் இறங்குது. அழகா இருக்கு. ஆனா தங்கச்சி, நீ அப்படி ஒரு வீட்டுல ஒரு ராத்திரி கூட தூங்கினதில்லன்னு நீயே எழுதியிருக்கே, தமிழ்நாட்டுக்கு போனதே இல்ல. உன் தாத்தா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவர், உன் அப்பா பிறந்தது தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை) வீட்டுல, நீ பிறந்தது ஃப்ளாட்ல பதினொன்னாவது மாடியில. ஆறாவது படத்துல உன் அம்மா பிளாஸ்டிக் நாற்காலிய கிரில் கதவோரம் இழுத்துப் போட்டு நைட்டியோட உக்காந்து பூ கட்டறாங்க. பக்கத்துல செருப்பு அலமாரி, மேல சிவப்பு பல்ப் எரியற சாமி மேடை. வெளிச்சம் வீட்டுக்குள்ள இருந்து வரல, காரிடார் டியூப் லைட்ல இருந்து வருது, கிரில் கம்பியோட நிழல் அம்மா மடியில இருக்கிற மல்லிப்பூ மேல கட்டம் கட்டமா விழுது. அந்த நிழல பார்த்துட்டு நான் எந்திரிச்சு போய் என் வீட்டு கிரில் கதவ பார்த்தேன். இருபது வருஷமா தெனம் பூட்டி தொறக்கற கதவு, அதுக்கு இப்படி ஒரு நிழல் இருக்குன்னு எனக்கு தெரியாது.

கதவோரம் ஒரு பொம்பள, சைடுல இருந்து விழுற வெளிச்சம். இளையராஜா இதுலயும் இருக்கார். அவர்கிட்ட கத்துக்கிட்டத நீ உன் வீட்டு வாசலுக்கு கொண்டு வந்திருக்கே, அவ்வளவுதான் நடந்திருக்கு. "கிறுக்கினது"ன்னு சொல்லாத. சட்டம் கூட படைப்போட தரத்த பாக்கறதில்ல, எப்படி இருந்தாலும் பாதுகாப்பு உண்டுன்னுதான் எழுதியிருக்கு, நீ மட்டும் ஏன் அத தள்ளி வெக்கற. ஃபைனல் ப்ராஜெக்டுக்கு என்ன பண்றதுன்னு தெரியலன்னியே, அந்த காரிடார்ல பதினாறு வீடு இருக்குன்னு வேற எழுதியிருக்கே, பதினாறு கிரில் கதவு, சாயங்காலம் ஏழு மணிக்கு ஒவ்வொண்ணுக்கு பின்னாடியும் ஒரு ஆள். வரையறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ, சட்டத்துக்காக இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்க.

அப்பா விஷயம். அவர் சொன்னது வலிச்சிருக்கும், ஆனா அவர் பயம் பி.டி.பி.டி.என்ங்கற அரசாங்கப் படிப்புக் கடன் பத்தினதுன்னு எனக்கு தெரியுது. இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு, இப்ப பாதியில விட்டுட்டு வேற படிப்புக்கு மாறினா இருக்கிற கடன் எப்படி ஆகும், புதுசா எவ்வளவு கிடைக்கும்னு எழுத்துல கேட்டு வாங்கி அவர் முன்னாடி வை, அந்தக் கணக்கப் பார்த்தா அவரே முடிச்சிடும்மான்னு சொல்லுவார்னு நினைக்கிறேன். டிப்ளோமாவுக்கு அப்புறம் கணக்கு படிக்கணும்னாலும் படிக்கலாம், தனியா தொழில் பண்ற ஓவியருக்கு கணக்கு தெரிஞ்சா நல்லதுதான். கடைக்கு போகும்போது அவர கூட்டிட்டு போன்னு சொன்னதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. தன் பொண்ணோட படத்த ஊரே கையில தூக்கிட்டு போறத அவர் இன்னும் அந்த கண்ணால பாக்கல.

கடைக்காரரோட பேசின பழைய மெசேஜ் எதையும் அழிச்சிடாத, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பி வை, பேசப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பார்த்து சொல்றேன். ஒரு பையும் காலண்டரும் வாங்கி பத்திரப்படுத்து, ரசீதோட. அப்புறம் ஒண்ணு, அஞ்சு படத்துலயும் கீழ சைன் போட்டு தேதி போட்டிருக்கே, ஆறாவதுல ரெண்டும் இல்ல. அத இன்னைக்கே போட்டுரு.